ஒரு சோடி மிஞ்சும்

வெண்தாழைத்துறையில் சிங்கச் சாமி திருநாளன்று, மடத்து நூலகத்தைப் பார்க்கப் போனவர்கள் எல்லாரும் பார்த்து முடித்து, வெளியே வந்து, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கோயிலில் ஊருக்கே போடுகிற அசனச் சோறு தின்னப் போன பிறகு, வாசலில் ஒரு சோடி செருப்பு மிஞ்சும். ஐந்து வருஷமாக இப்படித்தான். ஊரில் ஒரு ஆள் குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை. வீடு வீடாகப் போய் எண்ணியும் பார்த்தார்கள், எல்லா வீட்டிலும் எல்லாரும் இருந்தார்கள். செருப்புதான் ஒரு சோடி கூடுதலாக இருந்தது.

அந்த மடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைச் சாமியார்கள், இந்த மணல் காட்டுக்கும் உப்புக் காற்றுக்கும் இது தாங்குமா என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்காமல், தங்கள் ஊரில் எப்படியோ அப்படியே இங்கேயும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். தூண் என்றால் நேராக நிற்காது, முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். சுவர் என்றால் வெறுமனே இருக்காது, பொன்ரேக்கு ஒட்டிய கொடியும் பழமும் சிறகு முளைத்த கொழுத்த சம்மனசுகளுமாகப் பிதுங்கிக்கொண்டிருக்கும். படித்தவர்கள் அதைப் பரோக் பாணி என்பார்கள், ஊர் சோடனை மடம் என்றது. அதற்குள்ளே நூலகம். இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தட்டு, அதன் மேலே இன்னொரு தட்டு, நடுவில் ஆள் நடக்க ஒரு மரப் பாலம், சக்கரம் வைத்த ஏணி, தோல் அட்டை போட்ட ஏழாயிரம் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே விதானம். அதில் மேகமும் வெளிச்சமுமாக ஒரு வானத்தை எழுதி, வானத்தைச் சுற்றி இடையிடையே சந்து விட்ட ஒரு கைப்பிடிச் சுவரையும் எழுதி, அந்தச் சுவரில் கையூன்றி வெள்ளைக்கார ஆணும் பெண்ணும் கீழே நிற்கிறவர்களை எட்டிப் பார்க்கிற மாதிரி எழுதி வைத்திருந்தார்கள்.

புத்தகக்காரருக்குக் காவல் சாமி அர்ச்சியசிஷ்ட எரோணிமூஸ். அவர் காலடியில் ஒரு சிங்கம் படுத்திருப்பதால் ஊருக்கு அவர் சிங்கச் சாமி. கடைசிச் சாமியாரும் செத்து மடம் பங்குக்கு வந்த வருஷம், பங்குச் சாமியார் தொபியாஸ், செப்டம்பர் கடைசி நாள் திருநாளுக்கு மட்டும் நூலகத்தை ஊருக்குத் திறந்துவிடுவோம், சனங்களும் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார். நல்ல மனுஷன், நல்லெண்ணத்தில்தான் செய்தார். சனமும் நல்லெண்ணத்தில்தான் போனது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனது. கோயில் மாதிரி இருக்கிற இடத்துக்குள் செருப்புக் காலோடு போக இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்?

செருப்புக்குக் காவல் சலேத்தம்மாள். மற்ற நாளில் அவளுக்குக் கருவாட்டு வியாபாரம். திருநாளில் மட்டும் மடத்துப் படியோரம் சாக்கை விரித்து உட்கார்ந்து, வருகிறவர்கள் கழற்றிப் போடுகிற செருப்பைச் சோடி சேர்த்து அடுக்குவாள். ஆளின் முகத்தைப் பார்க்காமலே காலைப் பார்த்து இன்னார் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கே முதல் வருஷம் மிஞ்சிய தோல் செருப்பு யாருடையது என்று தெரியவில்லை. எவனோ குடிகாரன் வெறுங்காலோடு வீட்டுக்குப் போயிருப்பான் என்று சிரித்தார்கள். தொபியாஸ் சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் மைக்கில் அறிவித்தார். யாரும் வரவில்லை. இரண்டாம் வருஷம் பூப்போட்ட பெண்கள் செருப்பு ஒன்று மிஞ்சியது. மூன்றாம் வருஷம் மிஞ்சியபோது, காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியார் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று கோயிலுக்குள் ஒரு கண்ணாடி அலமாரி செய்து மூன்றையும் வைத்தார்கள்.

அந்த மூன்றாம் வருஷம்தான் யாரோ விதானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு நடுவில், அதே கைப்பிடிச் சுவரில் கையூன்றி, கட்டம் போட்ட கைலியோடு ஒரு கறுத்த மனுஷன் நின்றான். அவனுக்கு இந்தப் பக்கம் சுங்கடிச் சேலையில் ஒரு பெண், அந்தப் பக்கம் தலைப்பாகைக் கிழவர் ஒருவர். மூன்று பேரும் வெறுங்கால். ஆயர் இருக்கிற மேற்றிராசனத்திலிருந்து ஒருவர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பழைய சாயம் ஈரத்தில் மேலெழும்பும், அப்படி எழும்பியதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் அந்தக் கடுதாசியைச் சட்டம் போட்டு மாட்டியது, ஆனால் நம்பியது வேறு. நம்ம ஆள்கள் மோட்சத்துக்குப் போயிருக்கிறார்கள், வெள்ளைக்காரனுக்குச் சரிசமமாக நிற்கிறார்கள் பார் என்று மார்தட்டிக்கொண்டது. அலமாரிக்கு மாலை போட்டது, உப்பும் மிளகும் கொட்டியது, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியது. அழுகை மட்டும் எந்த வீட்டிலிருந்தும் கேட்கவில்லை. யாருக்காக அழுவது? இருக்கிற எல்லாரும் இருந்தார்களே.

ஆனாலும் சின்னச் சின்னதாகச் சில விஷயம் இருந்தது. பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில் இரண்டு பெயருக்கு நடுவே விரல் அகலத்துக்கு வெறும் இடம். இன்னாசியின் வள்ளத்தில் பிடிக்க ஆளில்லாத ஒரு துடுப்பு. பாடகர் குழுவில் ஒரு வரி வந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், யாருக்காகவோ வழிவிட்ட மாதிரி இரண்டு மூச்சு நேரம் ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போகும். கேட்டால் அது அப்படித்தான் என்பார்கள்.

நான்காம் வருஷத்துச் சோடியும் அலமாரிக்குப் போனது. ஐந்தாம் வருஷம் மிஞ்சியது ஒரு சின்னச் செருப்பு. எட்டு வயசுப் பிள்ளையின் காலுக்கான நீல ரப்பர் செருப்பு. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை சந்தியாகு, அதை அலமாரிக்குக் கொண்டுபோக வழக்கம்போல மாலையோடு வந்து கைநீட்டினார். சலேத்தம்மாள் எடுத்துக் கொடுக்கப் போனவள் கொடுக்கவில்லை. இடது செருப்பின் வார் அறுந்து, வலை பின்னுகிற நைலான் நூலால் மூன்று சுற்றுச் சுற்றித் தைத்திருந்தது. முடிச்சு வலமிருந்து இடமாகப் போயிருந்தது. சலேத்தம்மாளுக்கு இடதுகைப் பழக்கம், அந்த ஊரில் அப்படி முடிச்சுப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் தன் வீட்டுச் செருப்பைத் தவிர வேறு யார் வீட்டுச் செருப்பையும் தைத்ததில்லை.

செருப்பை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளும் புருஷன் கயித்தானும் மட்டும் இருக்கிற வீடு. பதினொரு வருஷமாகப் பிள்ளை இல்லாத வீடு என்று ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். போய்ப் பார்த்தால் அடுக்களையில் தட்டு மூன்று, மூன்றாவதில் கிளிப்படம். சுவரில் ஒரு ஆணி அவள் இடுப்பு உயரத்தில் அடித்திருந்தது. கதவு நிலையில் கத்தியால் கீறிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நெஞ்சு உயரத்தில் நின்றிருந்தன. கதவைச் சாத்திவிட்டு, சேலையை விலக்கி அடிவயிற்றைப் பார்த்தாள். வரிவரியாகப் பிரசவத் தழும்பு. பெற்றிருக்கிறாள். பெற்று, வளர்த்து, செருப்புத் தைத்துப் போட்டு, கையோடு கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். முகம் தெரியவில்லை, பேர் தெரியவில்லை. பாவி வயிற்றுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

கயித்தானிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை, பயந்தான். நமக்குப் பிள்ளை இல்லை என்று மெதுவாகச் சொன்னான். மறுநாள் காலையில் அவளே அப்படித்தான் எழுந்தாள், பிள்ளை இல்லாதவளாக. தலையணைக்கடியில் கை போய், முடிச்சில் விரல் பட்ட பிறகுதான் திரும்பவும் தாயானாள். ஒவ்வொரு நாளும் இப்படியே விடிந்தது. விரலுக்கு அந்தச் செருப்பு கிடைக்காத நாள் ஒன்று வந்தால் அந்தப் பிள்ளை ஒரேயடியாக இல்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அதனால் செருப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், தாலிக்குப் பக்கத்தில். கருவாடு வாங்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நூலகத்தைத் திறந்துவிடச் சொல்லித் தொபியாஸ் சாமியாரிடம் போய் நின்றாள். அவர் திருநாளுக்கு முன்னால் முடியாது என்றார். ஆனால் மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த பழைய போட்டோவை அவள் பார்த்துவிட்டாள். நூலகத்துக்குள் பன்னிரண்டு சாமியார்கள் வரிசையாக நின்று எடுத்த படம். மற்றவர்கள் தாடியைப் பார்ப்பார்கள், சலேத்தம்மாள் காலைப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் படகு போலப் பெரிய கம்பளிச் செருப்பு போட்டிருந்தார்கள். முந்நூறு வருஷம் அங்கேயே கிடந்து படித்தவர்களில் ஒருவரும் மேலே போகவில்லை. அது என்ன செருப்பு என்று கேட்டாள். வாசலோரம் ஒரு பெட்டி நிறைய அது கிடந்ததாகவும், தரை துடைக்கிற துணி என்று நினைத்துச் சந்தியாகு துடைத்துத் துடைத்தே தீர்த்துவிட்டதாகவும், அந்து அரித்த ஒரு சோடி மட்டும் மிச்சம் இருப்பதாகவும் சாமியார் சொன்னார். அந்தச் சோடியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள், உள்ளே போனால் காலில் எதையாவது போட்டுக்கொண்டு போங்கள், அந்தத் தரையில் வெறுங்கால் படக்கூடாது என்று. ஊருக்குக் கோபம் வந்தது. எரிகிற முட்செடிக்கு முன்னால் மோயீசனையே செருப்பைக் கழற்றச் சொன்ன சர்வேசுரன், உனக்கு மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னாரோ என்று கேட்டார்கள். அதுவும் போக, யாருக்கு என்ன நட்டம், போனவர்கள் நல்ல இடத்தில்தானே இருக்கிறார்கள் என்றார்கள். அதைச் சொன்ன கிளாரம்மாள் சொல்லும்போதே தன் வீட்டுத் திசையைத் திரும்பிப் பார்த்தாள், எதற்குப் பார்த்தோம் என்று தெரியாமல் நின்றாள், பிறகு விலை கேட்காமலே கருவாடு வாங்கிக்கொண்டு போனாள்.

கயித்தானை நம்ப வைத்தது அவன் முதுகுதான். அவன் அப்படியொன்றும் உயரமான ஆளில்லை. ஆனாலும் தன் வீட்டு வாசலில் நுழையும்போது முழங்காலை மடக்கி நன்றாகக் குனிந்துதான் நுழைவான். கூட்டாளிகள் அதைச் சொல்லிக் கேலி செய்வது வழக்கம், உன் தலையில் என்ன கிரீடமா இருக்கிறது என்று. ஒருநாள் மத்தியானம் வலையைப் போட்டுவிட்டு வந்து அப்படிக் குனிந்தவன், குனிந்தபடியே நின்றுவிட்டான். அவன் கை இரண்டும் தானாக எழும்பி, தோளுக்கு மேலே, இல்லாத இரண்டு கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. தோளில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, அதன் தலை நிலையில் இடித்துவிடக்கூடாதே என்று குனிகிறவன் குனிகிற அளவு அது. சலேத்தம்மாள் அடுக்களையிலிருந்து பார்த்தாள். அவன் அழுதான், கையை இறக்காமலே அழுதான்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான், பிள்ளையை எப்படி இறக்குவது. கம்பளிச் செருப்பு ஒரு சோடிதான் இருக்கிறது, அதை அவள் போட்டுக்கொள்வது. சின்னச் செருப்பைத் தரையில் தயாராக வைப்பது, இறங்குகிற பிள்ளையின் கால் தரையில் படாமல் நேராக அதில் இறங்க வேண்டும். ஆனால் விதானம் உயரம், ஏணியில் ஏறிப் பாலத்துக்குப் போய், அங்கிருந்து அலமாரியின் உச்சிக்குத் தொற்றி, கை நீட்டித்தான் எட்ட வேண்டும். அது பாய்மரம் ஏறிப் பழகியவனால்தான் முடியும், பாய்மரம் ஏறுகிறவனுக்கு வெறுங்கால் வேண்டும். இதைச் சொல்லிவிட்டுக் கயித்தான் வெளியே போய் வலையைப் பிரித்துப் போட்டான்.

திருநாள் வந்தது. கொடியேற்றி, தேர் சுற்றி, பூசை முடிந்து சனம் மடத்துக்கு வந்தது. முந்தின வருஷங்களைவிட இரண்டு மடங்கு கூட்டம். அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சலேத்தம்மாள் செருப்பை அடுக்கினாள். போனவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் எடுத்தார்கள், கடைசி ஆளும் கடைசிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். சாக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை. மாலையோடு நின்ற சந்தியாகுவுக்கு முகம் விழுந்துவிட்டது. விஷயம் அசனப் பந்தலுக்குப் போனதும், இந்த வருஷம் சாமி நம்மில் ஒருவரையும் ஏற்றுக்கொள்ளவில்லையே, என்ன குறை வைத்தோமோ என்று சனம் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தப்பட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவைப் பூட்டுங்கள் என்று சந்தியாகுவிடம் சொல்லி அனுப்பியது.

"எனக்காகத்தான் காத்துக் கெடக்கு," என்றான் கயித்தான்.

படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். பழைய தோல் செருப்பு, வலது வார் போன மாசம்தான் அறுந்து, அவள் நைலான் நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். மற்றவர்களுக்குச் செய்கிற மாதிரியே அவள் அதை வாங்கிச் சோடி சேர்த்துச் சாக்கில் வைத்தாள்.

"ஏளா, நான் அங்கனேயே நின்னுட்டேன்னா, ஒன் தையல் ஒனக்குத் தெரியும்லா. அடுத்த திருநாளைக்கு வந்து எறக்கிரு."

"எறக்கிருவேன்," என்றாள் சலேத்தம்மாள். "சத்தியமா எறக்கிருவேன்ங்க." அந்த நேரத்தில் அவள் அதை மனசாரச் சொன்னாள், அதில் பொய் இல்லை.

உள்ளே போனார்கள். அவள் கம்பளிச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள், அவன் வெறுங்காலோடு நடந்தான். மத்தியான வெயில் உயரச் சன்னல் வழியாக வந்து பொன்ரேக்கில் பட்டு அறையே மஞ்சளாக இருந்தது. பழைய தோலும் பழைய பசையும் நாறின. அண்ணாந்து பார்த்தார்கள். தலைப்பாகைக் கிழவருக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவருக்கு நெஞ்சு எட்டாததால் எக்கி நின்றுகொண்டு, நீலக் கவுன் போட்ட ஒரு பிள்ளை நேராக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கவுனின் கீழ் மடிப்பு சலேத்தம்மாள் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தது. அவள் கழுத்திலிருந்து செருப்பை அவிழ்த்து, பிள்ளைக்கு நேர் கீழே, வாசலைப் பார்த்தாற்போல வைத்தாள். கயித்தான் சிலுவை போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். பாலத்துக்கு ஏறி, அலமாரியின் உச்சிக்கு ஏறி, ஒரு கொழுத்த சம்மனசின் தலையில் கால் வைத்து, எழுதிய வானத்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டான்.

சலேத்தம்மாளைக் கேட்டால், அன்றைக்கு நூலகத்துக்குள் அவள் தனியாகத்தான் போனாள் என்பாள். ஏணி அலமாரியோரம் சும்மா நின்றது என்பாள். பிள்ளை எப்படி இறங்கியது என்று கேட்டால், இறங்கியது என்பாள். அந்தச் சின்னக் கால் இரண்டும் நீலச் செருப்புக்குள் வந்து நின்றதும் பேர் வாய்க்கு வந்துவிட்டது. அமலி. அமலி, என் மக்கா, அமலி என்று சொல்லிச் சொல்லி, பிள்ளையின் நெற்றியையும் கன்னத்தையும் மோந்து மோந்து, அவளுக்கு மூச்சே முட்டியது. பிள்ளையின் உடம்பில் சாய வாசனையும் கடலுக்குப் போய் வந்தவர்கள்மேல் வருகிற உப்பு வாசனையும் அடித்தது. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

வெளியே வந்தபோது பந்தலுக்குப் போகிற வழியில் நின்ற கிளாரம்மாள், அமலி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாளே என்றாள். ஆம்பளை இல்லாத வீட்டில் ஒத்தையாளாக நின்று பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறாள் பாருங்கள் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். சலேத்தம்மாளின் கை கழுத்துத் தாலிக்குப் போனது. தாலி இருந்தது. கட்டியவன் முகம் வரவில்லை. கடலுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கடற்கரை ஊரில் ஆம்பளை இல்லாத வீட்டுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

அப்போதுதான் சாக்கைப் பார்த்தாள். ஒரு சோடி மிஞ்சியிருந்தது.

உட்கார்ந்து கையில் எடுத்தாள். ஆம்பளைத் தோல் செருப்பு, பெருவிரல் அழுத்திய இடம் பள்ளமாக இருந்தது, உள்ளே இன்னும் கால் சூடு இருந்தது. வலது வாரில் நைலான் நூல், மூன்று சுற்று, வலமிருந்து இடமாக முடிச்சு. ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் அதற்கு அர்த்தம் தெரியும், நன்றாகவே தெரிந்தது. மேலே ஒருவன் நிற்கிறான். அவள் வீட்டு ஆள். பிள்ளையை அனுப்பிவிட்டு நிற்கிறான். அவனை இறக்க வேண்டும் என்றால் இங்கிருந்து ஒருவர் வெறுங்காலோடு ஏற வேண்டும். இங்கே இருப்பது அவளும் அமலியும். அவள் ஏறிவிட்டால், தனக்கு ஒரு தாய் இருந்தாள் என்பதே இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை ஏறினால் என்ன ஆகும் என்று அவள் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தாயிற்று.

தலையைத் தூக்கி மடத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

"யார் செருப்பும்மா?" என்று கேட்டாள் அமலி.

மிஞ்சிவிட்டது, மிஞ்சிவிட்டது என்று பந்தலில் சத்தம் கிளம்பியது. சந்தியாகு மாலையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் சனம் சோற்றுக்கையோடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. சலேத்தம்மாள் குனிந்து, முடிச்சில் பல்லை வைத்து, நூலைக் கடித்து அறுத்தாள். மூன்று சுற்றையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, சுருட்டி வாய்க்குள் போட்டுக்கொண்டாள். வார் பிய்ந்து தொங்கியது. செருப்பைச் சந்தியாகு கையில் கொடுத்தாள்.

"தெரியல மக்கா," என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.